முதல் பேஸ் அம்ப் வாங்கும் முன்: படிக்கட்டில் ஏற்றக்கூடிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கொழும்பில் பேஸ் கிற்றார் பழகத் தொடங்கிய ஒருவர் அம்ப்ளிஃபயர் வாங்கப் புறப்பட்டால், கடைக்காரரிடம் அவர் கேட்கும் முதற் கேள்வி "இது எத்தனை வாட்?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. நானும் அப்படிக் கேட்டவன்தான். இப்போது யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், "எத்தனையாம் மாடியில் இருக்கிறீர்கள், லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசித்து, கொட்டாஞ்சேனையில் ஒத்திகைக்குப் போய், சனிக்கிழமை இரவு கல்யாண வரவேற்பொன்றில் வாசித்துவிட்டு நள்ளிரவில் முச்சக்கர வண்டியில் திரும்பும் ஒருவருக்கு, தூக்க முடியாத அம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டு மூலையில்தான் கிடக்கும். ஆகவே நிறையிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: உங்களால் தூக்கக்கூடிய நிறையைக் கண்டறியுங்கள்

வீட்டில் 10 கிலோ அரிசிப் பை ஒன்று இருந்தால் அதை ஒரு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கிற்றாரை அதன் உறையோடு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். அதுவே நான்கைந்து கிலோ வரும். இந்தக் கோலத்தில் உங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி இறங்குங்கள். நடுவில் கை மாற்ற வேண்டியிருந்தால் 10 கிலோதான் உங்கள் எல்லை. சிரமமின்றி ஏற முடிந்தால் 15 கிலோ வரை யோசிக்கலாம். அயல்வீட்டார் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் வாங்கிய பின் வருந்துவதைவிட இது மலிவானது.

இந்த அளவு நிறைக்குள் மேடைக்குப் போதுமான அம்ப் கிடைப்பதே அண்மைக் காலத்து வசதி. 1969இல் வெளிவந்த அம்பெக் எஸ்.வி.டி. என்ற புகழ்பெற்ற வால்வு அம்பின் தலைப்பகுதி (ஸ்பீக்கர் இல்லாத அம்ப் பெட்டி) 300 வாட் தந்தது; அதன் நிறை ஏறக்குறைய 38 கிலோ. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் பெட்டியைத் தூக்க இன்னும் இருவர் வேண்டும். பாரத்தின் பெரும்பங்கு இரும்பும் செம்பும் நிறைந்த ட்ரான்ஸ்ஃபோமர்களுடையது. இன்றைய இலகு அம்புகளில் "கிளாஸ் டி" என்னும் மின்சுற்று, சக்தியை வெப்பமாக வீணாக்காமல் பெரும்பாலும் ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. "ஸ்விச்சிங்" வகை மின்வழங்கி பெரிய ட்ரான்ஸ்ஃபோமரைத் தேவையற்றதாக்குகிறது. 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம், பழைய ஃபெரைட் காந்தத்தின் வேலையை மிகக் குறைந்த நிறையில் செய்கிறது. கடையில் ஒரே அளவான இரு பெட்டிகளில் ஒன்று மட்டும் மிகப் பாரமாக இருந்தால், இந்த மூன்றில் எது அதில் இல்லை என்று விசாரியுங்கள்.

படி 2: எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் என்றால் 15 முதல் 40 வாட் வரை தாராளம். மேடை என்றால், உங்களோடு தாளம் வாசிப்பவர் யார் என்பதே முக்கியம். கோயில் மண்டபத்தில் தபேலாவும் கீபோர்டும் கொண்ட பக்திப் பாடல் குழுவிலோ, மின்னணு பேட் வைத்து வாசிக்கும் மெல்லிசைக் குழுவிலோ மேடைச் சத்தம் தாழ்வாகவே இருக்கும். அங்கே 40 முதல் 100 வாட் வரையான சிறிய அம்ப் உங்கள் காதுக்குப் போதும், சபைக்கான ஒலியை மண்டபத்து ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். முழு ட்ரம்ஸும் கொங்காவும் வைத்து பைலா வாசிக்கும் குழுவோடு, மண்டப ஒலியமைப்பின் உதவியின்றி ஒத்திகை பார்ப்பவருக்கு 200 வாட்டுக்குக் கீழே போனால் ட்ரம்ஸுக்குள் பேஸ் மூழ்கிவிடும்.

அளவுகோலாக ஒரு வரிசையைச் சொல்கிறேன். ஃபெண்டர் ரம்பிள் வரிசையில் 40 வாட் அம்ப் ஒரு 10 அங்குல ஸ்பீக்கரோடு சுமார் 8 கிலோ. 100 வாட் அம்ப் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரோடு சுமார் 10 கிலோ. 500 வாட் அம்ப் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கரோடு சுமார் 16.5 கிலோ. வேறு நிறுவனங்களின் பெட்டிகளையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவற்றுள் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்ற புதியவருக்கு நான் நடுவிலுள்ள 100 வாட் வகையைத்தான் சொல்வேன்.

படி 3: வாட் எண்ணை நம்பும் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

வாட் இரட்டிப்பானால் ஒலி மட்டம் 3 டெசிபல்தான் உயர்கிறது. காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட் அம்பைவிட 100 வாட் அம்ப் இரு மடங்கு சத்தமாக இருக்கும் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பவர் ஏமாந்துதான் போவார். மறுபுறம், ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று குறிப்பிடப்படும் ஸ்பீக்கரின் உணர்திறன் 94இலிருந்து 97ஆக உயர்ந்தால், அதே அம்ப் இரட்டை வாட் அம்ப் போலக் கேட்கும். இந்த எண்ணைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை; கையேட்டில் தேட வேண்டும்.

அடுத்தது கீழ்ச் சுரங்களின் விடயம். நான்கு தந்தி பேஸின் தடித்த ஈ தந்தி திறந்த நிலையில் 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 31 ஹேர்ட்ஸ் வரை இறங்குகிறது. எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறு பெட்டியால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வைச் சத்தமாகத் தர முடியாது. ஆனாலும் ஈ தந்தி நமக்குக் கேட்கிறதே என்றால், அந்தத் தந்தி 41 ஹேர்ட்ஸோடு 82, 123 என்று மேலடுக்கு அதிர்வுகளையும் எழுப்புகிறது. அவற்றைக் கேட்ட மூளை அடியிலுள்ளதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சிறிய அம்ப் வீட்டில் கேட்பதற்குத் திருப்தியாக இருப்பதன் காரணம் இதுவே.

புதியவர்கள் அகப்படும் பொறியும் இங்கேதான் இருக்கிறது. அடித்தொனி போதவில்லை என்று "பேஸ்" குமிழை முழுவதும் திருப்பிவிடுகிறார்கள். அந்தப் பகுதியை 6 டெசிபல் உயர்த்துவதற்கு நான்கு மடங்கு சக்தி தேவைப்படுகிறது; சிறிய கூம்பு தன் எல்லைக்கு மேல் ஆடி, ஈரத் துணியை உதறுவது போன்ற ஓர் ஒலியை எழுப்பும். அவ்வாறு கேட்டால் பேஸ் குமிழைக் குறைத்து, 250 முதல் 800 ஹேர்ட்ஸ் வரையுள்ள "மிட்" பகுதியைச் சற்று உயர்த்துங்கள். தனியே வாசிக்கும்போது அது மூக்கால் பாடுவது போலிருக்கும், குழுவோடு சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும். மிட் குமிழ் தனியாக இல்லாத அம்பை நான் மேடைக்குப் பரிந்துரைப்பதில்லை.

படி 4: பின்பக்கத் துளைகளைப் பாருங்கள்

மேடைக்குப் போகும் அம்பில் எக்ஸ்.எல்.ஆர். (மைக் கேபிளில் இருக்கும் மூன்று முனை இணைப்பு) வடிவிலான "டி.ஐ." வெளியீடு இருக்க வேண்டும். இதிலிருந்து ஒரு கேபிள் மண்டபத்து மிக்ஸருக்குப் போய்விட்டால், உங்கள் 10 கிலோ பெட்டி ஆயிரம் பேர் அமரும் மண்டபத்துக்கும் போதும். அதன் வேலை உங்களுக்கு உங்களைக் கேட்கச் செய்வது மட்டுமே. அருகில் "கிரவுண்ட் லிஃப்ட்" என்ற சிறிய ஸ்விச்சும் இருந்தால் நல்லது. அம்பும் மிக்ஸரும் வெவ்வேறு ப்ளக் பொயின்டில் மின்சாரம் எடுக்கும்போது எழும் இரைச்சலை அது பெரும்பாலும் அடக்கிவிடும். இரைச்சலை நிறுத்த ப்ளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிராபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஹெட்ஃபோன் துளை இன்றியமையாதது. தாழ்ந்த அதிர்வுகள் சுவரையும் தரையையும் ஊடுருவிச் செல்வதால், கிற்றார் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் அயலவரும் பேஸுக்குக் கதவைத் தட்டுவார். கைபேசியிலிருந்து பாட்டை இணைக்க "ஆக்ஸ்" துளையும் இருந்தால் பயிற்சி இலகு.

படி 5: ஒரே பெட்டியா, தனித்தனியா

முதல் அம்புக்கு ஒரே பெட்டியான "கொம்போ" போதும். தலையும் ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனியாக வாங்குபவர் ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது: ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு; இரண்டு 8 ஓம் பெட்டிகளைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகும், அம்பில் குறிப்பிட்ட குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. இடையில் செல்வது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும், கிற்றார் கேபிள் கூடாது.

படி 6: மின்னழுத்த எழுத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்

நம் ஊரில் பாவித்த ஜப்பான் பொருட்களுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230 வோல்ட். சில ஆண்டுகளுக்கு முன் கையில் எடுத்ததும் மனம் கவர்ந்த ஒரு சிறிய ஜப்பான் அம்பை நான் வாங்கினேன். விற்றவர் கூடவே தந்த ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் செங்கல்லைப் போலக் கனத்தது. இலகு அம்ப் வாங்கியதன் பயன் அங்கேயே பாதி போயிற்று. மூன்றாவது ஒத்திகையில், நான் தேநீர் குடிக்கப் போன வேளையில், உதவும் எண்ணத்தோடு ஒரு நண்பர் அம்பின் ப்ளக்கை நேரே சுவரில் செருகிவிட்டார். "டப்" என்ற ஒரே ஒலி, பிறகு கருகல் வாடை. அவரைக் குறை சொல்ல முடியாது. ப்ளக் அந்தத் துளைக்குச் சரியாகப் பொருந்தும்படி அடாப்டர் மாட்டி வைத்திருந்தவன் நானே.

ஆகவே பின்பக்கத்திலுள்ள சிறிய எழுத்தைக் கைபேசி வெளிச்சத்தில் படியுங்கள். "100–240" என்றிருந்தால் கவலையில்லை. 115, 230 என்று மாற்றும் ஸ்விச் இருந்தால் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மண்டபங்களில் சில இடங்களில் சதுரமுனைத் துளையும் சில இடங்களில் பழைய வட்டமுனைத் துளையும் இருப்பதால், அடாப்டர் ஒன்றைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது.

படி 7: கடையில் சோதிக்கும் ஒழுங்கு

உங்கள் பேஸையும் கேபிளையும் கொண்டு போங்கள். கடையிலுள்ள விலையுயர்ந்த பேஸில் எல்லா அம்பும் இனிக்கும். முதலில் எதையும் செருகாமல் சத்தத்தைக் கூட்டி, இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் உள்ளே தூசியோ, கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இருந்த பொருளென்றால் உப்புக் காற்றின் அரிப்போ இருக்கலாம். விலை பேச அது ஒரு காரணம்.

அடுத்து ஈ தந்தியைத் திறந்த நிலையில் பலமாக மீட்டி, அங்கிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி நடுங்கினால் கைப்பிடியையோ முன் வலையையோ விரலால் அழுத்தியபடி அதே சுரத்தை மீண்டும் வாசியுங்கள். நடுக்கம் நின்றால் ஒரு திருகாணியை இறுக்கினால் தீரும், நிற்காவிட்டால் ஸ்பீக்கரிலேயே பழுது இருக்கக்கூடும். கடைசியாகப் பத்து நிமிடம் இடைவிடாமல் வாசித்துவிட்டு அம்பின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடோ, தானாக நின்று மீண்டும் உயிர்பெறுவதோ இயல்பல்ல.

வாங்கிய அம்பை முதல் மேடையில் தரையில் வைத்தால் ஒலி உங்கள் முழங்காலைத்தான் போய்ச் சேரும். ஒன்றும் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவீர்கள், முன்வரிசையில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைக்குப் பஞ்சமில்லை. உறுதியான ஒன்றைக் கேட்டு வாங்கி, அம்பை அதன்மேல் ஏற்றி, உங்கள் காதை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.