‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லும்போது நேரும் தவறுகள்

கிறிஸ்தவ வீடுகளில் கஷ்டம் வரும்போதெல்லாம் கேட்கிற சொல் இது. ஆதியாகமம் 22-ல் மோரியா மலைக்கு ஏறும் வழியில் ஆபிரகாம் சொன்னது: “தேவன் பார்த்துக்கொள்வார்.” அந்த இடத்துக்கு யேகோவாயீரே (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று பெயரும் வந்தது. ஆனால் அதைச் சொன்னவர் அதிகாலையில் எழுந்து, கழுதைக்குச் சேணம் கட்டி, கட்டைகளைப் பிளந்து, மூன்றாம் நாள்வரை நடந்தவர். அந்தச் சொல்லை நாம் பல நேரம் வேலையை நிறுத்தவும் அழுகிறவரின் வாயை அடைக்கவும் பயன்படுத்திவிடுகிறோம். இரண்டும் தேவனுடைய பராமரிப்பைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருகிறவை.

முதல் தவறு, வாக்குத்தத்தம் கிடைத்துவிட்டது, இனி நாம் செய்ய ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவது. அப்போஸ்தலர் 27-ஐ நிதானமாக வாசியுங்கள். புயலில் சிக்கிய கப்பலில், கைதியாகப் போகிற பவுலோடு 276 பேர். ஒரு உயிரும் போகாது, கப்பல் மட்டும் சேதமாகும் என்று தேவதூதன் மூலம் பவுலுக்கு உறுதி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப்பிழைக்கமாட்டீர்கள்” என்று அதே பவுல்தான் சொல்கிறார். பதினாலாம் நாள் எல்லாரையும் சாப்பிட வைக்கிறார். தேவன் முடிவை மட்டுமல்ல, அதற்குப் போகிற வழியையும் நியமிக்கிறார். கப்பலாட்களின் கைத்திறனும் ஒருவேளைச் சாப்பாடும் அந்த வழியில் இருந்தன.

மருந்து விஷயத்தில் இந்தத் தவறு உயிரையே வாங்கும். ஜெபித்தாயிற்று, மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே சொன்ன பிறகும், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) வைக்கச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. அந்த அத்திப்பழம் அவிசுவாசம் இல்லையே. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பும். உடலில் இன்சுலினே சுரக்காதவர்கள் ஊசியை விட்டால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. குணமானதாக நம்பினால் மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்து, அவர் சொன்ன பிறகே அளவைக் குறையுங்கள். கடனும் அப்படித்தான்: யாருக்கு எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். காணிக்கை போடுவதற்காக இன்னொரு வட்டிக்கடன் வாங்காதீர்கள்.

இதைவிடக் கொடுமையானது ஒன்று. கணவன் அடிப்பதை ‘உன் சிலுவை, பொறுத்துக்கொள்’ என்று மனைவியிடம் சொல்வது. சிலுவை சுமப்பது கிறிஸ்துவின் நிமித்தம் வருகிற பாடு. குடிகாரனின் அடி அதில் சேராது. வாரினால் அடிக்கப்பட இருந்த நேரத்தில் பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். பிறகு இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடமே முறையிட்டார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. முதலில் அவர் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும், ஆலோசனை பிறகு.

அடுத்தது, தேவனுக்கு நாமே தேதி குறிப்பது. புதுவருஷ ஆராதனையில் வாங்குகிற வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” டிசம்பருக்குள் நடக்கவில்லை என்றால் மனம் உடைகிறது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம். அவர்கள் திரும்பிவர 70 வருஷம் ஆகும் என்கிறது அதற்கு முந்தின வசனம். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று சொன்னவன் 28-ம் அதிகாரத்தின் அனனியா. அவன் கள்ளத் தீர்க்கதரிசி. காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அட்டையைச் சுவரில் ஒட்டுமுன் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

துக்க வீட்டில் நடக்கிற தவறு தனி வகை. சவப்பெட்டி இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் ரோமர் 8:28: “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது.” வசனம் உண்மை. அந்த நன்மை என்ன என்பதை 29-ம் வசனம் சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. வேலையோ வீடோ அங்கே சொல்லப்படவில்லை. நேரமும் முக்கியம். சகோதரர்கள் யோசேப்பைக் குழியில் போட்டு விற்றபோது அவருக்கு வயது 17, பார்வோனுக்கு முன் நின்றபோது 30. “தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்று அவர் சொன்னது தகப்பன் இறந்த பிறகு. வேதம் தருகிற வயதுகளைக் கூட்டிப்பார்த்தால் அப்போது ஏறக்குறைய 56. சொன்னதும் பாடுபட்டவர்தான். குழிக்கு மேலே நின்று வேறு யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை சரி. வாய் திறந்து ‘என்ன பாவம் செய்தாய்’ என்று தேட ஆரம்பித்ததும் கெட்டது. நீங்கள் போனால் சாப்பாடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு துணைக்குப் படுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போங்கள். காரணம் சொல்லாதீர்கள்.

கடைசியாக, அழுவது அவிசுவாசம் என்று நினைத்து ஜெபத்திலும் நடிப்பது. உள்ளே கசப்பை வைத்துக்கொண்டு வாயில் ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள் சில மாதத்தில் ஜெபிப்பதையே விட்டுவிடுவதுண்டு. 13-ம் சங்கீதத்துக்கு ஆறே வசனம். முதல் இரண்டில் “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு முறை. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. இதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் தினமும் பத்து நிமிஷம் ஜெபியுங்கள். ஒரு நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது. மூன்றாம் பகுதி வராத நாளில் இட்டுக்கட்ட வேண்டாம், முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 88-ம் சங்கீதம் “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்பதோடு நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.