பளபளக்கும் அரைவேக்காடு: வீட்டுச் சூளைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணைச் சரியாகப் பிசையாமல் சக்கரத்தில் ஏற்றுவது, காய்ந்த கோப்பையில் ஈரக் கைப்பிடியை ஒட்டுவது போன்றவற்றை முதல் மாதத்திலேயே மண் சொல்லிக்கொடுத்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் கார் ஷெட்டில் மின்சூளை வைத்துத் தொழில் தொடங்குகிறவர்கள், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடும்வரை கவனிக்காத தவறுகள் வேறு.

கிளேஸ் மின்னினால் மண் வெந்துவிட்டது என்று நம்புவது

கிளேஸ் வெறும் கண்ணாடிப் பூச்சு. நீரைத் தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் மண். அது வெந்து இறுகாவிட்டால், பூச்சில்லாத அடிவட்டம் வழியாக நீர் ஏறும். விற்ற அன்று ஒன்றும் தெரியாது. பிறகு மேசையில் ஈர வளையம் விழும். மைக்ரோவேவில் வைத்தால், சுவரில் ஊறிய நீரும் சூடாகி, டீயைவிடக் கைப்பிடி சுடும். ஈரம் குடித்த மண் மெல்ல உப்பும்; கிளேஸ் கூடவே விரியாது. சூளையிலிருந்து பழுதில்லாமல் வந்த கோப்பையில் சில மாதம் கழித்து மயிரிழை வெடிப்பு ஓடுவது இப்படித்தான். தைப்பூசக் காவடிக்குப் பால்குடம் செய்து கொடுத்தவர் பாடு இன்னும் மோசம். ஊறிய பால் புளித்து நாறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

பெரும்பாலும் இரண்டு காரணம். (கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு; அதன் எண்ணுக்குரிய சூடு ஏறியதும் வளையும். இங்கே எண் கூடினால் சூடும் கூடும்.) ஒன்று, கோன் 10-க்கான மண்ணில் கோன் 6 (சுமார் 1,220 டிகிரி) கிளேஸைப் பூசிக் கோன் 6-லேயே சுடுவது. கிளேஸ் உருகி மின்னும், மண் அரைவேக்காடாக நிற்கும். பொட்டலத்தில் 1,200–1,280 என்று போட்டிருந்தால் 1,200-லேயே இறுகிவிடும் என்று அர்த்தமில்லை. மற்றொன்று, சூளைத் திரையில் தெரியும் டிகிரி எண்ணை வேதவாக்காக எடுப்பது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பழசாகப் பழசாகத் தப்பாகக் காட்டும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சூட்டில் இருப்பதுமில்லை. ஒவ்வொரு முறையும் மேல், நடு, கீழ் மூன்றிலும் கோன் வையுங்கள்.

சோதனை எளிது. விற்கும் சாமானோடு சேர்த்துச் சுட்ட, கிளேஸ் பூசாத துண்டு ஒன்றை நிறுங்கள். 5 மணி நேரம் கொதிக்கவைத்து, அதே நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் ஒற்றி மறுபடி நிறுங்கள். 200 கிராம் 212 ஆனால் 6 சதவீதம்: செடித்தொட்டிக்கு ஆகும், கோப்பைக்கு ஆகாது. கோப்பைக்கு 2 சதவீதத்துக்குள் வர வேண்டும். புது மண் வரும்போதெல்லாம் இதைச் செய்யச் சொன்னால், "அதான் கிளேஸ் போட்டாச்சே" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அகல் மட்டும் விதிவிலக்கு. செம்மண் அகல் எண்ணெய் குடிக்கத்தான் செய்யும். ஓர் இரவு நீரில் ஊறப்போட்டுக் காயவைத்து ஏற்றும்படியும், அடியில் தட்டு வைக்கும்படியும் சீட்டெழுதிக் கொடுங்கள்.

தீபாவளி அவசரம்

அகல் ஆர்டர் குவியும் அக்டோபரில்தான் டர்பனில் மழையும் தொடங்கும். கன்னத்தில் வைத்துச் சில்லென்றிருந்தால் அகல் காயவில்லை. முதல் சூட்டில் 80–90 டிகிரியில் 4 மணி நேரமாவது நிறுத்துங்கள். ஈரத்தோடு 100-ஐத் தாண்டினால் நீராவி அகலை வெடிக்கவைக்கும். தெறித்த சில்லு சுருள்கம்பிப் பள்ளத்தில் சிக்கினால் கம்பிக்கும் கேடு.

மின்சாரம்

7 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். கூடவே கீசரும் மின்னடுப்பும் ஓடினால் மெயின் விழும். தனி இணைப்பு, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன், அவர் தரும் சான்றிதழ் மூன்றும் வேண்டும். ப்ரீபெய்டு மீட்டர் என்றால் சூளையை மூடும் முன் யூனிட் இருப்பைப் பாருங்கள். 1,100 டிகிரியில் நள்ளிரவு யூனிட் தீர்ந்த கதைகள் நிறைய உண்டு.

விலை

உடைந்ததையும் சேர்த்துப் போடுங்கள்.

அளவு

மண் 12 சதவீதம் சுருங்கினால் 10 செ.மீ. அகல் 8.8 ஆகும். ஆர்டர் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்.

தூசி

துடைப்பம் கூடாது. ஈரத்துணிதான்.