மக்காச்சோளத் தட்டை வாங்கும்போது கதிரைக் கிள்ளிப் பாருங்கள்

மாதவரம், மணலிப் பக்கம் மாட்டுக்குப் பசுந்தீவனம் விலைக்கு வாங்குகிறவர்களுக்கு: மக்காச்சோளத் தட்டையின் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள், கதிரை உரித்து மணியை நகத்தால் கிள்ளுங்கள். பால் வர வேண்டும். கெட்டியாகி, தண்டும் முற்றிவிட்டால் லிக்னின், அதாவது தண்டை விறைப்பாக்கும் மரப்பொருள், ஏறியிருக்கும். நாரோடு பிணைந்த அதை மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகளால் உடைக்க முடியாது. சத்து சாணியோடு போய்விடும், பாவம்.

ரகத்துக்கு ரகம் லிக்னின் மாறும். இலை நடுநரம்பு பழுப்பாக இருக்கும் வகை 1924-லேயே அமெரிக்காவில் தென்பட்டது. ஒரு மரபணு இயற்கையாகவே மாறியதால் அதில் லிக்னின் குறைவு, நன்றாகச் செரிக்கும். ஆனால் மகசூல் குறையும், தண்டும் சாயும். நம் பக்கம் பயிராவது பெரும்பாலும் 'ஆப்பிரிக்கன் டால்' என்ற தீவன மக்காச்சோள ரகம்தான், அந்தப் பழுப்பு நரம்பு வகை இல்லை. அதனால் பருவம் பார்த்து வாங்குங்கள். அப்புறம், பொடியாக நறுக்கிப் போடுங்கள், தண்டை ஒதுக்காது.