பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: கூலர் லைனும் வாக்யூம் லைனும் மாட்டும் முறை

கியர்பாக்ஸை ஏற்றி, பெல்ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கி, புரொபெல்லர் ஷாஃப்டையும் மாட்டியாகிவிட்டது. இனி மிச்சம் மூன்று குழாய்கள். இரண்டு ஆயிலுக்கு, ஒன்று வாக்யூமுக்கு, அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவைக்கு. மூன்று குழாய்தானே என்று நானும் ஒரே சாயங்காலத்தில் மாட்டி முடித்தேன். ஆயில் குழாய்கள் அன்றைக்கே சரியாக அமைந்துவிட்டன. வாக்யூம் குழாய் ஆறு வாரம் என்னை அலைக்கழித்தது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

என்னுடையது 1972 ஷெவர்லே நோவா. 350 வி8 இன்ஜின், பின்னால் டர்போ ஹைட்ராமேட்டிக் 350 கியர்பாக்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் அறிமுகப்படுத்திய மூன்று கியர் பெட்டி இது. டர்போ 400, ஃபோர்டின் சி4, சி6 வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், துளைகளின் இடம் மட்டும் மாறும். 700ஆர்4 போன்ற பிற்காலப் பெட்டிகளில் வாக்யூம் மாடுலேட்டரே (இன்ஜின் வாக்யூமுக்கு ஏற்ப பெட்டியின் ஆயில் அழுத்தத்தை மாற்றும் டப்பா) கிடையாது, அங்கே கேபிள்தான் அந்த வேலையைச் செய்கிறது. அவர்கள் கூலர் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆயில் போகும் வழி

பம்ப் தள்ளும் ஆயில், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் போகிறது. சூடு உண்டாவதில் பெரும்பங்கு அங்கேதான். அங்கிருந்து வெளியே வந்து ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் சின்ன கூலரைச் சுற்றி, ஆறித் திரும்பி வந்து, கியர்களுக்கும் புஷ்களுக்கும் மசகாகிறது. இந்தக் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது. திரும்பி வரும் குழாய் நசுங்கினால் ஆயில் சூடாவது ஒரு பக்கம், உள்ளே புஷ்கள் காய்ந்து தேய்வது இன்னொரு பக்கம். எனவே குழாயில் ஒரு மடிப்பு, ஒரு நசுங்கல்கூட இருக்கக் கூடாது.

சாமான்கள்

5/16 அங்குல ஸ்டீல் குழாய் அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். 45 டிகிரி டபுள் ஃபிளேர் (குழாய் முனையைக் கூம்பாக விரித்து இரட்டையாக மடிப்பது) போடும் கருவி, குழாய் வெட்டி, ஃபிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அப்புறம் ஒரு வாக்யூம் கேஜ். முடிந்தால் கேஜ் பொருத்திய கைப் பம்பாகவே வாங்குங்கள். இந்த வேலைக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் சொல்வது அதைத்தான்.

1. முதலில் கழுவுங்கள்

பழைய கியர்பாக்ஸ் எரிந்துபோய் வேறு பெட்டி ஏற்றுகிறீர்கள் என்றால், கிளட்ச் தூளும் உலோகப் பொடியும் இன்னமும் கூலருக்குள் உட்கார்ந்திருக்கும். புதுப் பெட்டியின் முதல் சுற்றிலேயே அது உள்ளே வந்துவிடும். ஆயில் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் கழுவும் திரவத்தை விட்டு, தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள். பிறகு மெல்லிய காற்றழுத்தத்தில் ஊதுங்கள். கம்ப்ரெசரை முழு வேகத்தில் வைத்து ஊத வேண்டாம், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

2. எது போகிற வழி, எது வருகிற வழி

டர்போ 350, 400 இரண்டிலும் வலது பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு துளைகள். கீழே இருப்பது கூலருக்குப் போவது, மேலே இருப்பது திரும்பி வருவது. சி4, சி6 பெட்டிகளில் முன்னால் இருப்பது போவது, பின்னால் இருப்பது வருவது. ரேடியேட்டர் முனையில் எதை எதில் மாட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தனியாக இன்னொரு கூலர் வைப்பதாக இருந்தால் வரிசை முக்கியம்: கியர்பாக்ஸ், பிறகு ரேடியேட்டர், பிறகு தனிக் கூலர், பிறகு மறுபடி கியர்பாக்ஸ்.

3. வளைத்தல், ஃபிளேர்

பழைய குழாய் இருந்தால் அதையே அச்சாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கட்டுக்கம்பியை வளைத்து வழியைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துக் குழாயை வளையுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். இரண்டு ஆயில் குழாய்களும் ஒன்றோடொன்று உரசாமல் கிளிப் போடுங்கள். உரசும் இடத்தில் ஒரு வருடத்தில் ஓட்டை விழும்.

குழாயை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறெடுத்து, நட்டைக் கோர்த்துவிட்டு, முனையில் ஒரு சொட்டு ஆயில் தொட்டு ஃபிளேர் போடுங்கள். முடிந்ததும் வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். கோணலான ஃபிளேரை எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும்.

நடுவில் ரப்பர் ஹோஸ் போடுவதாக இருந்தால், கியர்பாக்ஸ் கூலருக்கென்றே விற்கும் ஹோஸை மட்டும் வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டில் நாளடைவில் கெட்டியாகி வெடிக்கும். குழாய் முனையில் ஒரு சின்ன விளிம்பு எழுப்பி, அதைத் தாண்டி ஹோஸைச் செருகி, விளிம்புக்குப் பின்னால் கிளாம்ப் போடுங்கள். வழவழப்பான குழாயில் கிளாம்ப் மட்டும் போட்டால் ஒரு நாள் ஹோஸ் கழன்று, பெட்டியின் ஆயில் முழுவதும் சாலையில் இருக்கும்.

4. முறுக்குதல்

கியர்பாக்ஸில் இருக்கும் மரை நேர் மரை. கடையில் எளிதாகக் கிடைக்கும் கூம்பு மரை ஃபிட்டிங்கை அதில் வைத்து அழுத்தி முறுக்கினால் அலுமினிய உடம்பு வெடிக்கும். சரியான ஃபிட்டிங்கையும் அதன் வாஷரையும் கேட்டு வாங்குங்கள். 5/16 குழாயின் நட்டுக்கு 1/2-20 மரை. முதல் நான்கைந்து சுற்றும் கையாலேயே ஏற வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. கழற்றிவிட்டு மறுபடி வையுங்கள்.

ரேடியேட்டர் பக்கம் கட்டாயம் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று தொட்டியில் இருக்கும் ஃபிட்டிங்கைப் பிடித்திருக்க, இன்னொன்றால் நட்டை முறுக்குங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் ஃபிட்டிங்கும் சேர்ந்து திரும்பி, உள்ளே பற்றவைப்பு விட்டுப்போகும். அப்புறம் ரேடியேட்டர் தண்ணீரும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலக்கும். ஆயில் இளஞ்சிவப்புப் பாலாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது, உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் கிளட்ச் தகடுகளின் பூச்சு உரிந்துவிடும்.

டெஃப்லான் டேப் எங்கேயும் சுற்றாதீர்கள். ஃபிளேரில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, ஃபிளேரின் முகம். டேப் துணுக்கு ஒன்று வால்வு பாடிக்குள் (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) போனால் அதைத் தேடிப் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும்.

5. மாடுலேட்டர்

கியர்பாக்ஸின் வலது பின்பக்கம் சின்னத் தகர டப்பா போல இருக்கும். ஒரு போல்ட்டும் கவ்வியும் அதைப் பிடித்திருக்கும். அதைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் சின்ன வால்வு நழுவிக் கீழே விழும், கையை வைத்துக்கொள்ளுங்கள். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவிச் செருகுங்கள். மாட்டும் முன்பே கைப் பம்பால் 18 அங்குல (பாதரச அளவில்) வாக்யூம் கொடுத்துப் பாருங்கள். முள் அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் சவ்வு நன்றாக இருக்கிறது.

6. வாக்யூம் லைன்

இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது இந்தக் குழாய்தான். ஐடிலில் வாக்யூம் அதிகம், அதனால் பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் குறைகிறது, கியர் மென்மையாக விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வாக்யூம் சரிகிறது, அழுத்தம் ஏறுகிறது, கிளட்சுகள் இறுகப் பிடிக்கின்றன. குழாய் கழன்றுவிட்டால், எப்போதும் முழுச் சுமை என்றே பெட்டி நினைத்துக்கொள்ளும்: தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும்.

இது எனக்குத் தெரிந்தே இருந்தது. என் காரில் நடந்தது வேறு. ஓடும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் வெண்ணெய் போல மாறியது. ஆனால் நின்ற இடத்தில் டிரைவிலோ ரிவர்ஸிலோ போட்டால் உதை. சிக்னலில் மெதுவாக நிற்கப்போனால், கடைசியில் முதல் கியருக்கு இறங்கும்போது ஒரு இடி. வாக்யூம் கோளாறாக இருந்தால் ஓடும்போதும் தெரிய வேண்டுமே என்று அந்தப் பக்கமே நான் போகவில்லை. மாடுலேட்டரை மாற்றினேன், பின் மவுண்டை மாற்றினேன், வால்வு பாடியை இறக்கிக் கழுவி ஏற்றினேன். உதை அப்படியே இருந்தது.

கடைசியில் மாடுலேட்டர் முனையில் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டுக் கேஜை மாட்டினேன். ஐடிலில் பூஜ்யம். ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டதும் முள் 18-க்கு எகிறியது. அப்போதுதான் புரிந்தது. கார்புரேட்டரில் குழாய் மாட்ட இரண்டு விதமான மூக்குகள் உண்டு. ஒன்றின் துளை, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது காற்று வழியைத் திறக்கும் த்ராட்டில் தகட்டுக்குக் கீழே இருக்கும், அங்கே இன்ஜின் ஓடும்போதெல்லாம் மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) வாக்யூம் கிடைக்கும். இன்னொன்றின் துளை தகட்டுக்குச் சற்று மேலே. தகடு மூடியிருக்கும் ஐடிலில் அங்கே ஒன்றும் வராது, தகடு கொஞ்சம் திறந்ததும் கிட்டத்தட்ட முழு வாக்யூமும் வரும். நான் மாட்டியிருந்தது இந்த இரண்டாவதில். ஓடும்போது சரியாகவும் நிற்கும்போது முரடாகவும் இருந்ததற்கு அதுதான் காரணம். குழாயை இன்டேக் மேனிஃபோல்டிலேயே இருக்கும் மூக்குக்கு மாற்றினேன். உதை அன்றோடு போயிற்று.

ஆகவே மாட்டும் முறை இது. வாக்யூமை இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். கார்புரேட்டரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், ஐடிலில் அந்த மூக்கை விரலால் மூடிப் பாருங்கள், விரலை இழுக்க வேண்டும். அங்கிருந்து மாடுலேட்டர் அருகே வரை ஸ்டீல் குழாய் போகட்டும், இரண்டு முனையிலும் மட்டும் ஒரு சாண் கூட இல்லாத ரப்பர் துண்டு. முழு நீளத்துக்கும் ரப்பரே போட்டால், சூட்டில் இளகி வாக்யூமால் உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். கனமான சுவருள்ள வாக்யூம் ஹோஸாகவே வாங்குங்கள்.

அடுத்து அளவு. கேஜை மாடுலேட்டர் முனையில் மாட்டுங்கள், மேனிஃபோல்ட் முனையில் அல்ல. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண இன்ஜினில் ஐடிலில் 17 முதல் 20 அங்குலம் வரும். மலைப்பகுதியில் 1000 அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். மேனிஃபோல்டில் 18 இருந்து இங்கே 12 தான் வருகிறது என்றால் நடுவில் எங்கேயோ கசிகிறது. இன்ஜினுக்குப் பின்னால் வளையும் இடத்தில் துருவைத் தேடுங்கள். பிறகு ஒருவரை ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி விடச் சொல்லுங்கள். முள் உடனே விழுந்து உடனே திரும்ப வேண்டும். சோம்பலாக அசைந்தால் குழாய் அடைத்திருக்கிறது.

7. ஓட்டிப் பார்த்தல்

திரும்பி வரும் குழாயைக் கியர்பாக்ஸ் பக்கம் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். ஐடிலில் 20 நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கொட்ட வேண்டும். அதற்கு மேல் ஓட விடாமல் அணையுங்கள், கொட்டியதை ஈடுகட்டி ஊற்றுங்கள். மாட்டிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே, ஆயில் சூடான பிறகு, பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்று எழுதியிருந்தார். மாடுலேட்டரின் ரப்பர் துண்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன், உள்ளே சிவப்பு ஆயில் இருந்தது. சவ்வு கிழிந்தால் இன்ஜின் கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும். மாடுலேட்டரோடு அந்த ரப்பர் துண்டையும் மாற்றுங்கள், ஆயிலில் ஊறிய ரப்பர் நிற்காது.

இன்னொருவருக்கு டர்போ 350-ன் வலது பக்கம் உள்ளே போகும் கேபிளும் மாடுலேட்டரும் ஒன்றா என்று சந்தேகம். இல்லை. அந்தக் கேபிள் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது கியரைக் கீழே இறக்குவதற்கு மட்டும். மாடுலேட்டரைச் சரிசெய்யக் கேபிளை இழுத்துப் பயன் இல்லை. சில மாடுலேட்டர்களில் மூக்குக்கு உள்ளே ஒரு சின்ன திருகு இருக்கும், உள்ளே திருகினால் அழுத்தம் ஏறி கியர் தாமதமாக மாறும். கேஜில் 17-க்குக் குறையாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொடுங்கள்.