பழைய மர்மப் படத்தை மேடை ஏற்றுவது எப்படி?

முதல் வேலை உரிமை வாங்குவது. படம் ஒரு நாவலிலிருந்து வந்திருந்தால் இரண்டுக்கும் உரிமை வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம், எழுத்துமூலம் அனுமதி கைக்கு வராமல் ஒரு வசனம்கூட எழுதாதீர்கள்.

அப்புறம் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். எங்கெல்லாம் கதை புரியாமல் போகிறதோ அங்கெல்லாம் கேமராதான் பேசியிருக்கிறது, உங்கள் உண்மையான வேலையே அந்த இடங்களில்தான். படத்தில் சாவியை க்ளோசப்பில் காட்டிவிடலாம்; மேடையில் பார்வையாளர் எங்கே பார்ப்பார் என்பது அவர் இஷ்டம். அதனால் ஒரு பாத்திரம் அந்தச் சாவியைத் தேட வேண்டும், இன்னொருவர் அதைப் பார்த்தும் பேசாமல் நிற்க வேண்டும், விளக்கு கொஞ்சம் அங்கே சாய வேண்டும். துப்பை ஒளித்துவைத்து ஏமாற்றாதீர்கள், கண்ணெதிரே வைத்துவிட்டு கவனத்தை வேறு பக்கம் திருப்புங்கள்.

கதை நடக்கும் இடங்களை இரண்டு மூன்றாகக் குறைத்துவிடுங்கள். துரத்தல் காட்சி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்: இயக்குநர் ஹிட்ச்காக்கின் துரத்தல் நிறைந்த 1935ஆம் ஆண்டுப் படமான 'தி 39 ஸ்டெப்ஸ்', மேடையில் வெறும் 4 நடிகர்களோடு நகைச்சுவையாக ஓடியது. உங்களுடையது சீரியஸ் நாடகம் என்றால் ஒருவருக்கே பல வேடம் கொடுப்பதில் நிதானம் தேவை, சிரிப்பு வந்துவிட்டால் பயம் போய்விடும்.

இடைவேளையை, சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் நொடியில் விடுங்கள்.