நரம்பணு வளர்ப்பில் ஹெர்ப்பீஸ் வைரஸை உறங்கவைப்பது எப்படி

உதட்டோரக் கொப்புளம் ஆறிய பின்னும் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் 1 உடலை விட்டுப் போவதில்லை; முகத்தின் முக்கிளை நரம்பு முடிச்சிலுள்ள நரம்பணுக்களின் உட்கருவில் அதன் டிஎன்ஏ வளைய வடிவில் தங்கிவிடுகிறது. அந்நிலையில் ‘லாட்’ எனப்படும் ஆர்என்ஏவைத் தவிர மற்ற மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கியே இருக்கின்றன. இந்த உறங்குநிலையை வளர்ப்புத் தட்டில் உருவாக்குவதைக் காட்டிலும், உருவானது அதுதான் என்று நிறுவுவதே கடினம்.

இதற்கு எலிக் கருவின் கழுத்துப் பகுதியிலுள்ள மேற்பரிவு நரம்பு முடிச்சு ஏற்றது. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உயிரியல் பாதுகாப்பு நிலை 2 வசதியும் இன்றித் தொடங்கலாகாது. பிரித்தெடுத்த அணுக்களை (செல்களை), ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களான கொலாஜனும் லாமினினும் பூசிய தட்டுக் குழிகளில் இட்டு, நரம்பு வளர்ச்சிக் காரணி சேர்த்த ஊடகத்தில் வளர்க்க வேண்டும். அஃபிடிகோலின், ஃப்ளூரோயுராசில் போன்ற பிரிதல் தடுப்பிகளைச் சில நாட்கள் கொடுத்துப் பெருகும் துணையணுக்களை நீக்கிவிடுவது அவசியம். அவை எஞ்சினால் வைரஸ் அவற்றில் பெருகி முடிவையே குழப்பிவிடும். ஊடகத்தை முழுவதும் உறிஞ்சாமல் பாதியளவே மாற்றி, புதியதைக் குழியின் சுவரோரமாக மெல்ல விடவும்; நேரே ஊற்றினால் நரம்பணுக்களின் நீண்ட இழைகளான ஆக்சான்களின் வலை மொத்தமும் பாய்போல் உரிந்து வந்துவிடும். மனித அணுக்களே வேண்டுமெனில், நரம்பணுக்களாக மாற்றக்கூடிய லுமெஸ் என்னும் மனித அணுவரிசையையோ, தூண்டப்பட்ட குருத்தணுக்களிலிருந்து பெற்ற நரம்பணுக்களையோ நாடலாம்.

தொற்றவைக்கும் வைரஸில், பெருக்கத்தின் பிற்கட்டத்தில் இயங்கும் ‘பிந்திய’ மரபணுவான யுஎஸ்11 உடன் பச்சை ஒளிர் புரதம் இணைந்திருப்பது நல்லது; பச்சை ஒளி தெரிந்தால் வைரஸ் பெருகுகிறது என்று பொருள். குரங்குச் சிறுநீரக அணுவரிசையான வீரோ அணுக்களில் அதன் செறிவை அளந்த பின், வைரஸ் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தான அசைக்ளோவிர் 100 மைக்ரோமோலார் அளவில் இருக்கும்போதே தொற்றவைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் அம்மருந்தைத் தொடர வேண்டும். பின்னர் மருந்தை நீக்கி ஓரிரு நாள் காத்திருந்து, தூண்டுதலுக்கு முன்பே பச்சையாக ஒளிரும் குழிகளைக் கணக்கிலிருந்து விலக்கிவிடவும்.

ஊடகத்தில் தொற்றும் வைரஸ் இல்லை, வைரஸ் டிஎன்ஏ உண்டு, லாட் தென்படுகிறது, ஐசிபி27 போன்ற பெருக்க மரபணுக்களின் வெளிப்பாடு மிகக் குறைவு என்பவை முதற்கட்டச் சான்றுகள். ஆனால் இவை போதா. இடையில் முடங்கிப்போன தொற்றும் ஏறக்குறைய இப்படியே தோன்றக்கூடும் என்பதால், வைரஸை மீண்டும் எழுப்பிக் காட்டினால்தான் அதனை உறங்குநிலை என்று சொல்ல முடியும். நரம்பு வளர்ச்சிக் காரணியை விலக்கியோ, அதன் சமிக்ஞைப் பாதையிலுள்ள பிஐ3 கைனேஸ் என்னும் நொதியைத் தடுக்கும் எல்ஒய்294002 மருந்தை 20 மைக்ரோமோலார் அளவில் இட்டோ எழுப்பலாம். மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட குழிகள், தொற்றே இல்லாத குழிகள், தூண்டலுடன் அசைக்ளோவிரும் பெற்ற குழிகள் ஆகியவற்றை ஒப்பீட்டுக்கு வைத்தே தீர வேண்டும்.

மாதிரி எடுக்கும் நேரத்திலும் கவனம் தேவை. தூண்டிய முதல் 20 மணி நேர அளவில், வழக்கமான முந்திய–பிந்திய வரிசையைப் பின்பற்றாமல் எல்லா வகை வைரஸ் மரபணுக்களும் ஒருசேர எழும். முழு வைரஸ் உருவாவது 48 மணி நேரத்துக்குப் பிறகே. ஒரே வேளையில் மட்டும் அளப்பவர் இவ்விரு கட்டங்களையும் பிரித்தறிய முடியாது.

அசைக்ளோவிரின் உதவியால் பெற்ற அடக்கத்தை இயல்பான உறங்குநிலைக்கு முற்றிலும் இணையாகக் கொள்வது சரியன்று; நரம்பு முடிச்சில் காவலிருக்கும் சிடி8 டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களும் இத்தட்டில் இல்லை. நரம்பணுக்களின் உடற்பகுதிகளையும் ஆக்சான்களையும் தனி அறைகளில் பிரித்து, ஆக்சான் முனையில் மட்டும் குறைந்த அளவு வைரஸைத் தொற்றவைத்தால், மருந்தின்றியே வைரஸ் அடங்குவதைக் காணலாம். செய்வதற்குச் சிரமமானாலும், உடலில் நிகழ்வதற்கு நெருக்கமான வழி அதுவே என்பதால், மருந்து முறையில் கிடைத்த முக்கியமான முடிவுகளை அதிலும் சோதித்த பின்பே வெளியிடுங்கள்.