வீட்டுக்குள் செடி வளர்க்கும் டென்ட்: துடைத்துத் துடைத்தும் பூச்சி போகாதவர்களுக்கு

என் டென்ட் பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. வாரம் ஒருமுறை சுவரைத் துடைத்தேன், விளக்கைத் துடைத்தேன், ஜிப்பின் பல்லிடுக்கைக்கூடப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். அப்படியும் ஜிப்பைத் திறந்தால் குட்டிக் குட்டிக் கறுப்புக் கொசுக்கள் முகத்தில் வந்து மோதும். நான்கு மாதம் இந்தக் கூத்து. நான் துடைத்த எந்த இடத்திலும் பூச்சி குடியிருக்கவில்லை என்பது கடைசியில்தான் புரிந்தது. அது இருந்த இடத்தை நான் தொடவே இல்லை.

என்னுடையது 60க்கு 60 சென்டிமீட்டர் டென்ட். உள்ளே மிளகாய், பேசில், புதினா. மேலே ஒரு எல்இடி விளக்கு, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், ஒரு கிளிப் ஃபேன். டென்டை மாட்டுவது, டைமர் வைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: காலி செய்து கழுவுதல்

ஒரு சுற்றுச் செடிகள் முடிந்து அடுத்த சுற்று தொடங்குமுன் இதைச் செய்யுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தொட்டி, தட்டு, ஃபேன், கம்பி, கயிறு, எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. உதிர்ந்த இலையையும் மண்ணையும் வேக்குவம் கிளீனரால் இழுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிளீச் அழுக்கோடு சேர்ந்தால் அழுக்கிடமே தன் வலுவை இழந்துவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. பிளீச் பயன்படுத்துவதானால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், 10 நிமிடம் ஈரமாக இருக்கவிட்டு நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். வினிகர், ஆல்கஹால், அமோனியா கலந்த எதையும் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. வரும் வாயு நுரையீரலைப் பதம்பார்க்கும்.

என்னைக் கேட்டால் தொட்டிக்கும் தட்டுக்கும் பிளீச், டென்டுக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. பிளீச் கம்பியை அரிக்கும், சின்ன டென்டுக்குள் தலையை விட்டு அதை முகரவும் முடியாது. உள்சுவரின் வெள்ளிப் பூச்சை மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். நான் பாத்திரம் தேய்க்கும் நாரைப் போட்டு ஒரு பக்கத்தையே மங்கலாக்கி வைத்திருக்கிறேன்.

கத்தரிக்கோலுக்கு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்க அந்த 30 சதவீதத் தண்ணீரும் தேவை. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். விளக்கு சூடாக இருக்கும்போது பக்கத்தில் வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள்.

படி 2: மண். நான் கோட்டை விட்ட இடம்

முகத்தில் மோதிய அந்தக் கொசுவுக்குப் பூஞ்சைக் கொசு என்று பெயர். கடிக்காது. பறப்பது தொந்தரவு, அவ்வளவுதான். வேலையைக் காட்டுவது அதன் புழு. கண்ணாடி மாதிரி உடம்பு, பளபளக்கும் கறுப்புத் தலை, மேல்மண்ணில் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் வாசம். மக்கும் பொருளையும் பூஞ்சையையும் தின்னும், அதோடு இளம் வேரையும் கடிக்கும். நாற்றுக்கு இது போதும், ஒரு காலை பார்த்தால் சாய்ந்து கிடக்கும்.

நான் செய்தது என்ன? மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை வாங்கித் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் அட்டை கறுப்பானது. ஆஹா என்று அடுத்த அட்டை. அதுவும் கறுப்பு. அட்டையில் மாட்டுவது வளர்ந்த கொசு மட்டும், அதுவும் பாதி முட்டையிட்டு முடித்த பிறகு. சுமார் 24 டிகிரியில் முட்டை பொரிய 3 நாள், புழுவாக 10 நாள், கூட்டுப்புழுவாக 4 நாள். ஆக 17 நாளுக்கு ஒரு தலைமுறை. டென்டுக்குள் நாம் வைத்திருக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட அதே 24தான். செடிக்கென்று அமைத்த சொகுசை அவை அனுபவித்துக்கொண்டிருந்தன.

இருக்கிறதா என்று சந்தேகமானால் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் அழுத்தி வையுங்கள். மூன்று நாள் கழித்துப் புரட்டினால் புழு ஒட்டியிருக்கும். நான் புரட்டியபோது பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது மருந்து. இங்கேதான் ஒரு மாதம் வீணானது. மண்ணில் ஊற்றும் பாக்டீரியா மருந்து நல்லது என்று படித்து, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று எழுதிய பாட்டிலை வாங்கி வாராவாரம் ஊற்றினேன். கொசு ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் மூன்றாவது சொல் ‘குர்ஸ்டாக்கி’. அது இலை தின்னும் கம்பளிப்புழு வகைக்கானது. கொசுப் புழுவுக்கு வேண்டியது ‘இஸ்ரேலென்சிஸ்’, சுருக்கமாக பிடிஐ. முதல் இரண்டு சொல்லும் ஒன்றே, ஆனால் ஒன்று கொல்வதை இன்னொன்று தொடாது. வாங்கும்போது மூன்றாவது சொல்லைப் பாருங்கள்.

சரியான மருந்து கையில் வந்ததும் நான் பின்பற்றிய முறை:

மேல்மண் ஒரு அங்குலம் காயும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த மண்ணில் முட்டையும் இளம்புழுவும் தாங்காது. பாதிப் பிரச்சினை இதிலேயே குறையும்.

பிறகு தண்ணீர் ஊற்றும் நாளில் பாட்டிலில் சொன்ன அளவு பிடிஐ கலந்து ஊற்றுங்கள். புழு அதைத் தின்றால்தான் சாகும், முட்டையையும் கூட்டுப்புழுவையும் அது ஒன்றும் செய்யாது. அதனால் வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று வாரம். கொசு குறைந்துவிட்டதே என்று இரண்டாவது வாரம் நிறுத்தினால் கூட்டுக்குள் இருந்தவை வெளியே வந்து கணக்கைத் திரும்பத் தொடங்கிவிடும்.

மஞ்சள் அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். தொங்கவிடாமல் தொட்டி விளிம்பில் படுக்கையாக வையுங்கள், இந்தக் கொசு மண்ணை ஒட்டித்தான் பறக்கும். வாரம் ஒருமுறை மாட்டியவற்றை எண்ணித் தேதியோடு அட்டையின் பின்னாலேயே எழுதிவிடுவேன். என் கணக்கு 64, 41, 15, 6 என்று இறங்கியது. எண்ணாமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் மூலகாரணம் டென்டின் மூலையில் இருந்தது: பாதி பயன்படுத்தி வாயைக் கட்டாமல் வைத்த மண்கலவைப் பை. ஈரம், கதகதப்பு, இருட்டு. அதைக் கிளறியதும் எழும்பிய கூட்டத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது மண்கலவை மூடி போட்ட வாளியில், வேறு அறையில். வடிதட்டில் தண்ணீர் 20 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. மண்மேல் பச்சையாகப் பாசி படர்ந்தால் சுரண்டி எடுக்கிறேன், அதுவும் புழுவுக்குச் சாப்பாடுதான்.

படி 3: காற்று

ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்ததே போதும், ஆனால் விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் இலை மட்டத்தில் நிழலில் வையுங்கள். நான் 50 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். மிகவும் காய்ந்து சூடானால் சிலந்திப்பேன் பெருகும், ஈரம் ஏறிக் காற்று நின்றால் சாம்பல் நோயும் அழுகலும் வரும். விளக்கு அணைந்ததும் வெப்பம் இறங்கி ஈரப்பதம் ஏறும் என்பதால் எக்ஸாஸ்ட் ஃபேனை இரவிலும் ஓடவிடுங்கள். உள்ளே காற்று வரும் துளையில் நெருக்கமான வலை மாட்டி மாதம் ஒருமுறை கழுவினால் போதும்.

படி 4: புதுச் செடிக்குத் தனி அறை

வெளியிலிருந்து வரும் எந்தச் செடியும், நண்பர் கொடுத்ததானாலும், இரண்டு வாரம் வேறு அறையில். வேலை செய்யும்போது முதலில் டென்ட், கடைசியில் புதுச் செடி. வெளித்தோட்டத்தில் வேலை செய்த சட்டையோடு டென்டைத் திறக்காதீர்கள்.

படி 5: பார்ப்பது, தட்டுவது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். போனில் மாட்டும் நுண்ணோக்கி, ஒலி எழுப்பிப் பூச்சி விரட்டும் கருவி, இதெல்லாம் வேண்டாம். வாரம் இருமுறை ஒவ்வொரு செடியிலும் மூன்று நான்கு இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். இலைமேல் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அது சிலந்திப்பேன். வெள்ளிக்கோடும் கறுப்புப் பொட்டும் இருந்தால் இலைப்பேன். குருத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தோலை உதிர்த்திருந்தால் அசுவினி.

சிலந்திப்பேன் பூச்சியினம் அல்ல, எட்டுக் கால் பிராணி. பல பூச்சிமருந்துகள் அதைச் சாகடிக்காமல், அதைத் தின்னும் இனங்களைச் சாகடித்துவிடும். மருந்தடித்த பிறகு அது இன்னும் பெருகுவது இதனால்தான். முதலில் மோசமான இலைகளைக் கிள்ளிப் பைக்குள் போட்டுக் கட்டி வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். டென்ட் பக்கத்துக் குப்பைக்கூடை வேண்டாம். மற்ற இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்குப் பிறகு பூச்சிக்கொல்லி சோப்பு, லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி. ஈரமாக இருக்கும்போது மேலே பட்டால்தான் வேலை செய்யும், காய்ந்தபின் பலனில்லை. முட்டை தப்பிவிடும். சூடான டென்டில் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக ஒரு வாரம் போதும், ஆகவே 4 அல்லது 5 நாள் இடைவெளியில் மூன்று முறை அடியுங்கள்.

பின்சேர்க்கை 1: பாத்திரம் கழுவும் திரவம் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. அது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். இலையின் மெழுகுப் படலத்தை உரித்துவிடும். உப்புத் தண்ணீராக இருந்தால் நல்ல சோப்பும் திரிந்து தயிர் போல் மிதக்கும், காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்குங்கள்.

பின்சேர்க்கை 2: வேப்பெண்ணெய் அடித்து இலை கருகியதாக ஒருவர் படம் அனுப்பியிருந்தார். விளக்கு எரியும்போது அடித்திருக்கிறார். எந்தத் தெளிப்பும் விளக்கு அணைந்த பிறகு, முதலில் ஒரே ஒரு இலையில், மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றில். கந்தகம் அடித்த செடியானால் இரண்டு வாரம் எண்ணெயை நெருங்கவிடாதீர்கள். பறித்துச் சாப்பிடும் செடி என்றால் பாட்டிலில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: மண்மேல் ஒரு அங்குலம் மணல் பரப்பியும் கொசு வருகிறது என்றார் இன்னொருவர். நானும் முதலில் குழம்பினேன். அவருடையது துணித்தொட்டி. மேலே அடைத்தால் பக்கவாட்டில் முட்டையிடுகிறது, பிளாஸ்டிக் தொட்டியானால் அடித்துளை வழியாக. மணலை எடுத்துவிட்டுத் துணியின் பக்கங்களும் நனையும்படி பிடிஐ தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மூன்றாவது வார அட்டையில் ஒன்பது என்று எழுதியிருக்கிறார்.